பாட்டு உள்ளே, பாடியவன் வெளியே

(திருச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சிலர் வந்திருக்கிறீர்கள். வயலில் களை பறித்துவிட்டு, கால் சேறு காயுமுன் பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். "வேதம், ஆகமம், பிரபந்தம் என்றெல்லாம் பேசப் போகிறார்களாமே, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று கூடியிருக்கிறோம்.

காவிரிப் பாலத்தின் நடுவே நின்று பாருங்கள். தெற்கே மலைக்கோட்டை. வடக்கே 236 அடி உயர ராஜகோபுரம். நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1987-ல்தான் அது முழுமை பெற்றது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். தினமும் வேலைக்குப் போகும்போது நாம் தாண்டிப்போகும் தூரம். ஆனால் இந்தத் தூரத்துக்குள் சமணம் இருந்திருக்கிறது, பௌத்தம் இருந்திருக்கிறது, சைவமும் வைணவமும் வளர்ந்திருக்கின்றன. அரசர் மதம் மாறியிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டு வேதம் என்று பெயர் பெற்றதும் இங்கேதான்.

"புனித நூல்கள் மனிதர் செய்தவை அல்ல. அவை என்றும் உள்ளவை, மாறாதவை. அவற்றில் சொன்னபடிதான் உலகம் நடக்க வேண்டும்" என்று நமக்குச் சொல்லப்படுகிறது. இது உண்மையா? சரித்திரம் என்ன சொல்கிறது?

மாடு மேய்த்தவர்களின் பாட்டு

முதலில் வடக்கே ஒரு பார்வை பார்ப்போம்.

நம் நாட்டுச் சமய நூல்களில் மிகப் பழமையானது ரிக் வேதம். கிறிஸ்துவுக்கு முன் 1500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் பாடல்கள் உருவாயின என்பது ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் கருத்து. மொத்தம் 1028 பாடல்கள். அவற்றில் என்ன கேட்கிறார்கள்? மாடு கேட்கிறார்கள், குதிரை கேட்கிறார்கள், மழை, பிள்ளைகள், போரில் வெற்றி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். மந்தைகளை நம்பி வாழ்ந்த மக்களின் பாட்டு அது. இந்திரனும் அக்னியும்தான் அங்கே பெரிய தெய்வங்கள். இன்று திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் விஷ்ணுவுக்கு ரிக் வேதத்தில் கிடைக்கும் பாடல்கள் மிகச் சில. என்றும் மாறாத நூல், மாறாத தெய்வம் என்றால் இது எப்படி?

பின்னர் கலப்பை வந்தது. உபரி விளைச்சல் வந்தது. விளைவித்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்ற பிரிவும் வந்தது. ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில், பிற்பட்ட பகுதி என்று அறிஞர் கருதும் இடத்தில், புருஷ சூக்தம் என்ற பாட்டு இருக்கிறது. தெய்வப் புருஷனின் வாய் பிராமணன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்கிறது அது. சமுதாயத்தில் முதலில் பிரிவு ஏற்பட்டது. பிறகு அந்தப் பிரிவுக்குப் பாட்டு ஏற்பட்டது. அதன்பின் வந்த கௌதம தர்ம சூத்திரமோ, வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது. ஏட்டில் எழுதாமல் காதால் கேட்டே காப்பாற்றிய நூல் அல்லவா? ஆகவே காதையே அடைத்தார்கள்!

கங்கைச் சமவெளியில் இரும்புக் கருவிகள் பரவி, பட்டணங்களும் வாணிபமும் பெருகிய காலத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. புத்தரும் மகாவீரரும் யாகத்தை மறுத்தார்கள். பிறப்பினால் உயர்வு என்பதையும் மறுத்தார்கள். மிக முக்கியமாக, ஜனங்கள் பேசிய மொழியில் பேசினார்கள். பௌத்தரின் திரிபிடகம் பாலி மொழியில் பல தலைமுறைகள் வாயால் ஓதப்பட்டு வந்தது. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் இலங்கையில்தான் அது ஏட்டில் ஏறியது. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடம் செய்திருந்த துறவிகள் மடிந்துபோனால் நூலும் மடிந்துவிடும் என்ற அச்சமே காரணம். புனித நூலும் மனிதர் வாயையும் மனிதர் கையையும் நம்பித்தான் வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாறை சொல்லும் சாட்சி

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

"திருச்சிராப்பள்ளி" என்கிறோம். "பள்ளி" என்பது என்ன? சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பெயர் பள்ளி. மலைக்கோட்டைப் பாறையின் உச்சிப் பகுதியில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறக் குகையில், கல்லிலேயே செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் படுத்த படுக்கைகள் அவை. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம்.

பழைய சோழர் தலைநகரமான உறையூர் இன்று தறிக்கும் சுருட்டுக்கும் பெயர் போனது. கிறிஸ்துவுக்குப் பின் 5-ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த புத்ததத்தர் என்ற பௌத்தப் பேரறிஞர் உரகபுரத்துக்காரர் என்று அவர் நூல்களே சொல்கின்றன. அந்த உரகபுரம் நம் உறையூரே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சோழ நாட்டில் இருந்துகொண்டு பாலி மொழியில் அவர் எழுதிய நூல்களை இலங்கையிலும் பர்மாவிலும் துறவிகள் படித்து வந்தார்கள். உறையூர்த் தறிக்காரருக்கு இது யாராவது சொன்னதுண்டா?

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு நடக்கிறவர் கவுந்தியடிகள் என்ற சமணப் பெண் துறவி. அவர்கள் அரங்கத்தைக் கடந்து உறையூர் வருகிறார்கள். அங்கிருந்து புறப்பட்டுப் போகும் வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையவன் ஒருவன் திருவரங்கத்தில் கிடக்கும் திருமாலைப் புகழ்கிறான். சமணத் துறவியும் திருமால் பக்தனும் ஒரே பாதையில் நின்று பேசுகிறார்கள். அதற்கும் முன்னே, தொல்காப்பியம் மாயோனை முல்லை நிலத்துத் தெய்வம் என்கிறது. முல்லை என்றால் மாடு மேய்க்கும் நிலம். மேய்ப்பவர் கும்பிட்ட மாயோனும் வடக்கிலிருந்து வந்த விஷ்ணுவும் ஒன்றாகி, நெல் விளையும் காவிரிக் கரையில் பள்ளிகொண்டார்கள். மக்களின் வாழ்க்கை மாற மாற, தெய்வத்தின் உருவமும் இடமும் மாறுகின்றன.

அரசன் மாறினான், நிலம் மாறியது

7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் மலைக்கோட்டைப் பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, அரசன் மாற்று நெறியிலிருந்து திரும்பி லிங்கத்தை வழிபட வந்ததைக் குறிப்பாகச் சொல்கிறது. மாற்று நெறி என்பது சமணம் என்று பொருள் கொள்கிறார்கள். சமணர் படுத்த அதே பாறையில் சிவன் கோயில்!

இது வெறும் மனமாற்றமா? அந்தக் காலத்தில்தான் காடு திருத்தி, ஏரி வெட்டி, வாய்க்கால் இழுத்து, நெல் சாகுபடி பெருகுகிறது. அரசர்கள் கோயிலுக்கும் பிராமணருக்கும் கிராமம் கிராமமாய்த் தானம் கொடுக்கிறார்கள். கோயில் கும்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. நிலச் சொந்தக்காரனாக, நெல் களஞ்சியமாக, கடன் கொடுக்கும் இடமாக வளர்ந்தது. சோழ நாட்டுக் கல்வெட்டுகளில் எத்தனை கலம் நெல், எத்தனை ஆடு, எத்தனை விளக்கு என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. சில கல்வெட்டுகளில் ஆட்களையே கோயிலுக்கு விற்ற கணக்கும் இருக்கிறது.

இந்தக் காலத்தைப் பற்றி வைணவ குருபரம்பரை நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மதில் கட்டினார். பணம் போதவில்லை. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்தின் பொன் விக்கிரகத்தைக் கொண்டுவந்து உருக்கினார். வேலை முடிந்ததும் ஆட்கள் கூலி கேட்டார்கள். கையில் பணமில்லை. அவர்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்தில் மூழ்கடித்து, கூலிக்குப் பதிலாக மோட்சம் கொடுத்ததாகக் கதை!

இது நடந்த சரித்திரம் என்று நாம் சொல்லவில்லை. கதைதான். ஆனால் பக்தர்களே பக்தியோடு சொல்லிவந்த கதை என்பதைக் கவனியுங்கள். எதிர்ச் சமயத்தின் பொன்னும் உழைப்பாளியின் கூலியும் மதிலுக்குள் போயின என்ற நினைவு அதற்குள் எங்கோ கிடக்கிறது. கூலி கேட்டவனுக்கு மோட்சம் என்ற பதிலை மில் வாசலிலும் களத்து மேட்டிலும் வேறு வேறு வார்த்தைகளில் நாம் கேட்டதில்லையா?

உறையூர்ப் பாணன்

ஆனால் பக்தி இயக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்தால் நாம் பொய் சொன்னவர்கள் ஆவோம்.

சம்ஸ்கிருதம் தெரியாத ஜனங்களின் வாயில் கடவுளைப் பற்றிய பேச்சைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆழ்வார்களும் நாயன்மார்களும். யார் அவர்கள்? மரபுப்படி நம்மாழ்வார் வேளாளர். திருமங்கையார் கள்ளர். ஆண்டாள் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண். திருப்பாணாழ்வாரோ உறையூர்ப் பாணர்.

திருப்பாணாழ்வார் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தீண்டத்தகாதவர் என்பதால் அரங்கத் தீவில் கால் வைக்கக் கூடாது. காவிரியின் தென்கரையில் நின்று, யாழோடு பாடிக்கொண்டே இருந்தார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். பாட்டில் மூழ்கியவருக்குக் காது கேட்கவில்லை. முனிவர் கல்லை எறிந்தார். நெற்றியில் ரத்தம். கோயிலுக்குப் போனால் பெருமாள் நெற்றியிலும் ரத்தம்! "அவனை உன் தோளில் ஏற்றிக் கொண்டு வா" என்று பெருமாள் கட்டளையிட்டாராம். முனிவர் தோளில் வந்த பாணர் 'அமலனாதிபிரான்' என்ற பத்துப் பாட்டைப் பாடி, சந்நிதியிலேயே மறைந்துவிட்டார்.

இந்தக் கதையைச் சொன்னவர்களின் நெஞ்சில் ஈரம் இருந்தது. கல்லெறிந்தவன் வெட்கப்பட வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் தோழர்களே, முடிவைப் பாருங்கள். பாணர் உள்ளே போனது ஒரே ஒரு தடவை. அதுவும் தம் காலால் அல்ல, இன்னொருவர் தோளில். போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் சேரிக்காரர் யாரும் அவர் பின்னே போகவும் இல்லை. சைவத்தில் நந்தனார் கதையும் அப்படித்தான். தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்தது.

பங்குனி மாதம் அரங்கன் பல்லக்கில் காவிரியைக் கடந்து, உறையூர்க் கமலவல்லி நாச்சியாரைப் பார்க்க வருகிறார். சுவாமி உறையூருக்கு வரலாம். உறையூர்ப் பாணர் அரங்கத்துக்குப் போகத்தான் நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

தமிழ் வேதமான விதம்

பாட்டு என்ன ஆயிற்று?

10-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நாதமுனிகள் வீரநாராயணபுரத்துக்காரர். இன்றைய காட்டுமன்னார்கோயில்தான் அது. ஊருக்கு வந்த யாத்திரிகர் சிலர் பத்துப் பாட்டுப் பாடினார்கள். ஆயிரத்தில் இது பத்து என்று பாட்டிலேயே இருந்தது. மீதி எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் நம்மாழ்வாரின் ஊரான குருகூர் வரை போய்த் தேடி, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு. கதையிலுள்ள அற்புதங்களை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஜனங்களின் வாயில் சிதறிக் கிடந்த பாட்டுகளை ஒரு மனிதர் தேடித் திரட்டி, வரிசைப்படுத்தி, இசை அமைத்து, ஓத ஆள் பழக்கினார். அதுதான் நாலாயிர திவ்வியப் பிரபந்தம். வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் இன்றும் திருவரங்கத்தில் அரையர்கள் தாளம் தட்டி அதைப் பாடி, அபிநயம் பிடிக்கிறார்கள்.

வேளாளர் என்று சொல்லப்பட்ட நம்மாழ்வாரின் திருவாய்மொழி 'திராவிட வேதம்' என்று பெயர் பெற்றது. ராமானுஜர் காலத்தில் அதற்கு ஆறாயிரப்படி என்ற முதல் உரை எழுந்தது. பிறகு ஈடு முப்பத்தாறாயிரப்படி. "படி" என்றால் நெல் அளக்கும் படி அல்ல. 32 எழுத்தை ஒரு படியாகக் கணக்கிடும் வழக்கம். திருவரங்கத்தில் நம்பிள்ளை வாயால் சொன்னதை அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததே ஈடு. பிராமண ஆசாரியர்கள் வேளாளர் பாட்டுக்கும் பாணர் பாட்டுக்கும் பக்கம் பக்கமாய் உரை எழுதினார்கள். வேதாந்த தேசிகரே பாணரின் பத்துப் பாட்டுக்குத் தனி உரை செய்தார். உலகச் சமய வரலாற்றில் இது சாமான்யமான காரியம் அல்ல.

ஆனால் ராமானுஜரையே பாருங்கள். கோயில் வேலையில் பல சாதியாருக்கும் பங்கு வகுத்தவர் என்று கோயிலொழுகு சொல்கிறது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊரறியச் சொன்னார் என்று கதை புகழ்கிறது. அதே ராமானுஜர் வடமொழியில் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் சூத்திரருக்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்கிறார். அவர் பெயரில் தமிழில் ஒரு நூலும் இல்லை. ஒரே மனிதரிடத்தில் இரண்டு காலங்கள் மல்லுக்கட்டுகின்றன.

அவருடைய ஆசிரியர் பெரிய நம்பி, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேர் நம்பி இறந்தபோது தாமே முன்நின்று ஈமக்கடன் செய்தார். திருவரங்கத்துப் பிராமணர் அவரைச் சாதியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். மகள் அத்துழாய் சுவாமி தேரை மறித்து நியாயம் கேட்டாள் என்றும் கதை உண்டு. அடியாரின் பிறப்பை ஆராய்வது பெருங்குற்றம் என்று பிள்ளை லோகாசாரியர் எழுதினார். எழுதியது ஏட்டில் இருந்தது. வாசலில் பழைய வழக்கம் இருந்தது. நிலம் யாரிடம் இருந்ததோ, அவர்களிடமே வாசலும் இருந்தது.

ஆகமம் என்ற பூட்டு

வாசல் தானாகத் திறக்கவில்லை. 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. வெளி வாசல் திறந்தது. கருவறை வாசல்?

1970-ல் தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் முறையைச் சட்டத்தால் ஒழித்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை செல்லாது என்றது; ஆனால் ஆகமப்படியே நியமனம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2006-ல் எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்று அரசு ஆணையிட்டது. மறு ஆண்டு பயிற்சிப் பள்ளிகள் ஆறு தொடங்கின. அவற்றில் ஒன்று திருவரங்கத்தில். பயின்று முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலையின்றிக் காத்திருந்தார்கள். 2015-ல் மறுபடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; மறுபடியும் ஆகமம். 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்றவர்கள் 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது. 2023 செப்டம்பரில் திருவரங்கப் பள்ளியில் பயின்ற மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். வழக்குகளும் கூடவே நடந்துவருகின்றன.

"ஆகமம் மாறக்கூடாது" என்கிறார்கள். அப்படியா? திருவரங்கத்தின் சொந்த வரலாறான கோயிலொழுகைப் புரட்டுங்கள். அங்கே முன்பு வைகானச ஆகமம் இருந்தது. ராமானுஜர் அதை மாற்றிப் பாஞ்சராத்திரத்தைக் கொண்டுவந்தார் என்று அதுவே சொல்கிறது. ஒருமுறை மாறியது இன்னொரு முறை ஏன் மாறக்கூடாது? மனிதர் மாற்றியதை மனிதர் மாற்ற முடியாதா?

நம் வேலை என்ன?

தோழர்களே! கோயிலுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். கும்பிடுகிறவரைக் கேலி செய்ய நாம் வரவில்லை. கல் எறிந்த முனிவரின் வேலையை வேறு வேஷத்தில் நாம் செய்யக் கூடாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மாடு மேய்த்தவர்கள் பாடினார்கள், வேதம் உண்டாயிற்று. துறவிகள் ஜனங்களின் மொழியில் பேசினார்கள், பிடகங்கள் உண்டாயின. வேளாளரும் கள்ளரும் பாணரும் தாய் தகப்பன் தெரியாத பெண்ணும் பாடினார்கள், பிரபந்தம் உண்டாயிற்று. உண்டாக்கியவர்கள் மனிதர்கள். பூட்டியவர்களும் மனிதர்களே. "புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே நீ தள்ளி நில்" என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். எந்தப் புத்தகம், எந்தக் காலம், யார் எழுதியது, அப்போது நிலம் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

அதற்குப் படிக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை கூடுவோம். எழுத்துத் தெரிந்தவர் வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். காதில் ஈயம் ஊற்ற இன்று ஆளில்லை. அடுத்த ஞாயிறு காலை மலைக்கோட்டை அடிவாரத்தில் சந்திப்போம். முதலில் மகேந்திரன் குகை, பிறகு மேலே சமணர் படுக்கை. உறையூர்த் தோழர்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மேலிருந்து பார்த்தால் காவிரியின் தென்கரை தெரியும். பாணர் நின்று பாடியதாகச் சொல்லும் கரை அது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவோம்.